முடிச்சுப் போடத் தெரியாதவர்

அவருடைய பெயரை எழுத மாட்டேன். மகள் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். இது அவள் கண்ணில் பட்டால் மனம் நோகும். எங்கள் மாடியில் இருந்த தமிழ்ச் சனம் அவரை முகத்துக்கு முன்னால் அண்ணை என்றும், கதவைச் சாத்திய பிறகு வேர் அண்ணை என்றும் சொல்லுவோம். எதைக் கண்டாலும் அதற்கு வேர் சொல்லுவார். நாங்கள் கேட்க வேண்டியதில்லை. கேட்காவிட்டால் இன்னும் நீளமாகச் சொல்லுவார்.

இந்தக் குளிர் தேசத்துக்கு வந்த புதிதில், மல்வேர்னில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவருடையது. நகரத்துக்குள்ளே ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் அவர் செக்யூரிட்டி. அதே கட்டடத்தில் எனக்குப் பகல் நேரத் துப்புரவு வேலை. காலையில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ரயில். ஆகவே அவர் தோண்டிய வேர்களில் பாதிக்கு மேல் என் தலையில்தான் கொட்டுண்டது.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்து இருந்தவுடன் சட்டைப் பையில் இருந்து ஒரு கராம்பை எடுத்துக் கன்னத்துக்குள் ஒதுக்குவார். இடக் கண்ணை மூடுவார். ஒரு விரலை உயர்த்துவார். இந்த மூன்றும் நடந்தால் இனித் தப்ப வழியில்லை என்று அர்த்தம்.

"தங்கச்சி, உந்த வீட்டுக் கதவிலை கொழுவிக் கிடக்கிற வட்டத்தைப் பாத்தனீங்களோ?"

"பச்சை வளையமோ? வடிவாக் கிடக்கு."

"வடிவுக்குக் கொழுவேல்லை. உதின்ர வேர் எங்கை கிடக்கு தெரியுமோ?"

"அண்ணை, நான் இறங்கவேணும்."

"நானும் அங்கைதானே இறங்கிறன்."

அதுதான் கரைச்சல்.

யேசுநாதர் பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இந்தக் குளிர் தேசத்துச் சனம் பச்சைக் கிளையை வளைத்துக் கதவில் கொழுவினதாம். சூரியன் செத்துப்போகிற மாதத்தில், செத்துப்போகாத மரத்தைக் கும்பிட்டதாம். பெரிய மரக்குற்றியைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளே எரித்ததாம். இப்போது கடையில் விற்கிற குற்றி மாதிரிக் கேக் அதன் பேரப்பிள்ளையாம். பிறகு மிசில்டோ என்று ஒன்று. "அது வேறை ஒண்டுமில்லைத் தங்கச்சி, குருவிச்சை. எங்கட மாமரத்திலை பிடிக்கிற அதே சாதி. அதுக்குக் கீழை நிண்டு உவங்கள் கொஞ்சுறாங்கள்." எங்கள் ஐயா மாமரத்தில் குருவிச்சையைக் கண்டால் கொக்கத்தடி எடுத்துக்கொண்டு ஓடுவார். அதற்குக் கீழே நின்று கொஞ்சுகிற சனத்தோடு எனக்கு என்ன கதை? ஆனால் வேர் அண்ணைக்கு அது பெரிய வெற்றி. முடிவில் கராம்பை மற்றக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொல்லுவார்: "அப்ப இவங்கள் கொண்டாடுறது ஆற்றை? எங்கட! மரத்தைக் கும்பிட்டது ஆர்? நாங்கள். சூரியன் திரும்பினதுக்குக் கொண்டாடினது ஆர்? நாங்கள், பொங்கல். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது ஒன்றுதான். இவர் கோயில் வாசற்படி ஏறி நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பவானியையும் பிள்ளையையும் கோயிலுக்குக் கூட்டிவருவார். பவானி அவருடைய மனைவி, எனக்குக் கூடப்பிறவாத தங்கச்சி. எங்கள் கோயில் அப்போது பக்டரிகளுக்கு நடுவே ஒரு வாடகைக் கட்டடம். முன்னால் லொறி வந்து திரும்புகிற இடம். அந்தக் குளிரிலும் இவர் காருக்குள்ளேயே இருப்பார். மடியில் நூலகத்துப் புத்தகம், அதற்குக் கடை விளம்பரத் தாளில் உறை. "உள்ளுக்கு வாங்கோவன் அண்ணை" என்று ஒருநாள் கூப்பிட்டேன். "நான் ஆராயிற ஆள், தங்கச்சி. கும்பிடுற ஆக்கள் கும்பிடட்டும்" என்றார். கும்பிட்ட ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த பொங்கலை மட்டும் கார்க் கண்ணாடியை இறக்கி வாங்கினார். ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்: "கஜு காணாது."

நான் அதிகம் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு நிற்பாட்டிப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த சமயம் குளித்து, விளக்கேற்றி, நெற்றியில் பூசி, விழுந்து கும்பிட்டு எழும்பி வேலைக்குப் போவது. அதற்கு வேர் எங்கே என்று நான் தோண்டிப் பார்த்ததில்லை. சோறு அவியுதா என்று பார்க்கிறவள் அடுப்பைக் கவிழ்த்துப் பார்ப்பாளா?

இவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த நாளும் எனக்குத் தெரியும். நாங்கள் வேலை செய்த கண்ணாடிக் கட்டடத்து வாசல் மண்டபத்தில் மார்கழி பிறக்க முதலே ஒரு பெரிய கிறிஸ்மஸ் மரம் வைப்பார்கள். இரண்டு மாடி உயரம். செக்யூரிட்டி மேசை அதற்குப் பக்கத்தில். ஒரு வருஷம் மேல் மாடிக் கந்தோரில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கிவந்து இவருக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, உங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் இல்லை என்ன, பாவம், என்ற மாதிரி ஏதோ சொன்னாள். நான் நிலம் துடைத்துக்கொண்டு நின்றேன். இவர் தொப்பியைக் கழற்றி "தாங்க் யூ மேடம்" என்றார். அவள் போன பிறகு காது இரண்டும் சிவந்து கிடந்தன. பெட்டியை எனக்குத் தந்துவிட்டார். அந்தக் கிழமையே நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மா பிறகு அந்தக் கதையை மறந்திருப்பாள். பாடுபட்டது நான்.

மகள் ஆரணி அப்போது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷத்தில் இருந்து மரம் கேட்டாள். "அப்பா, எல்லாற்றை வீட்டிலும் இருக்கப்பா." இவர் விடவில்லை. அது வேதக்காரருடைய சாமான், எங்களுக்குத் தேவையில்லை என்று ஒவ்வொரு மார்கழியும் பிள்ளையை அழவைத்தார். பிறகு வேர் கிடைத்தது. வேர் கிடைத்த வருஷம் தானே போய் காருக்கு எண்ணெய் அடிக்கிற கடை வளவில் விற்ற மரம் ஒன்றை வாங்கி, காருக்கு மேலே கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். பிளாஸ்ரிக் இல்லை, உண்மையான மரம். லிப்ற் முழுக்க ஊசி இலை. கட்டடத்தைப் பார்க்கிற சூப்பர் விளக்குமாறும் கையுமாக வந்து ஏசினான். இவர் அவனுக்கும் வேர் சொல்லப் பார்த்தார். அவன் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை எங்களை வரச் சொன்னார். நானும் என் மனிசனும் போனோம். எங்கள் மாடியில் கடைசிக் கதவுத் திரேசா அக்காவும் வந்தா. அவ மன்னார்ப் பக்கம், வேதக்காரர். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மாடி முழுக்கப் பலகாரத் தட்டுக் கொண்டுதிரிவா. வீட்டில் மண்ணிறக் கடைப்பையைக் கசக்கி மலை செய்து, பாலன் குடில் வைப்பா. அந்தக் குடிலுக்கு முன்னால் அவ முழங்காலில் நிற்கிறதைப் பார்த்தால், எனக்கும் கை தானாகக் குவியும்.

வேர் அண்ணை வீட்டுக்குள் போனால், மரத்தின் அடியில் மூன்று குறி திருநீறு. அதன் மேலே சந்தனப் பொட்டு. கிளைகளுக்குக் குறுக்கே பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம். முன்னால் நிறைகுடம், தேங்காய், வாழைப்பழம். ஆரணி மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள். அவள் கேட்டது சிவப்புப் பந்தும் வெள்ளி நட்சத்திரமும்.

"இது என்ன அண்ணை கோலம்?" என்றேன்.

"ஸ்தல விருட்சம்" என்றார்.

"குளிச்சுப்போட்டோ கட்டினனீங்கள்?"

"தங்கச்சி, நான் காட்டுறது வரலாறு. அதுக்கு ஏன் குளிப்பான்?"

திரேசா அக்கா தட்டைப் பவானியிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தா. இவர் அவவைக் கண்டதும் கராம்பைப் போட்டுக்கொண்டார். கண் மூடியது, விரல் எழும்பியது.

"திரேசா, குறை நினையாதை. யேசுநாதர் உண்மையிலை மார்கழியிலை பிறக்கேல்லை. இருபத்தைஞ்சாம் திகதி ரோமாபுரிக்காரன் சூரியனுக்குக் கொண்டாடின நாள். பிறகு உங்கட ஆக்கள் அதுக்கு மேலை பாயைப் போட்டுப் படுத்திட்டினம்."

திரேசா அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தா.

"அண்ணை, ஆரணியின்ர பிறந்தநாள் என்ன கிழமை வந்தது இந்த முறை?"

"புதன். ஏன்?"

"நீங்கள் வாடகைக்கு ஹோல் எடுத்துக் கேக் வெட்டினது சனிக்கிழமை. வேலை லீவில்லை, ஹோலும் கிடைக்கேல்லையெண்டு. அப்ப பிள்ளை பிறக்கேல்லையோ? இல்லாட்டிச் சனிக்கிழமை வேறை ஆற்றையோ நாள், அதுக்கு மேலை நீங்கள் பாயைப் போட்டியளோ?"

என் மனிசன் தேத்தண்ணியைச் சிந்திப்போட்டார். ஆரணிகூடச் சிரித்தாள். பவானியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. ஏனென்றால் அவள் சிரித்து ஒரு மாதத்துக்கு மேல்.

அந்த வருஷந்தான் ஊரில் சண்டை நெருங்கி, சனமெல்லாம் ஒரே நாளில் மூட்டை முடிச்சோடு மழைக்குள்ளே வெளிக்கிட்டது. பவானிக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி, இவள் வளர்த்தவன். சைக்கிளில் ஒரு உடுப்புப் பையோடு போனதைக் கண்டதாக ஒரு ஆள் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஊருக்கு ரெலிபோன் இல்லை. கொழும்பில் தெரிந்த ஆட்களிடம் கேட்டாலும் இல்லை என்ற ஒரே பதில்தான். பவானி குசினிச் சுவரில் இருந்த ரெலிபோனைப் பார்த்துக்கொண்டே சமைப்பாள், பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். கோயிலில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள், முருகனுக்கு வைத்தாள், திரேசா அக்காவோடு போய் மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினாள்.

வேர் அண்ணைக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. தோற்றுப்போகிற ஆளுக்குக் குரல் உயரும் அல்லவா? எழும்பி நின்று மரத்தைக் கையால் தட்டித் தட்டிச் சொன்னார்.

"நீங்கள் சிரியுங்கோ. ஆனா உலகம் முழுக்கச் சனம் மரத்திலை தெய்வம் இருக்கெண்டு நம்பினது. பந்தும் லைற்றும் நேற்று வந்த சாமான். அதுக்கு முதல் தொங்கினது என்ன தெரியுமோ? நேர்த்தி! துணியிலை முடிஞ்சு கட்டிப்போட்டுக் கேப்பினமாம். கேட்டாக் குடுக்கும். அதுதான் உதின்ர வேர்."

சொல்லிவிட்டு வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றார். படைத்த பழம். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டொரு நாளில் திரேசா அக்காவின் தட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். பவானி தலை முழுகி ஈரத்தோடு நின்றாள். மரத்தின் பின்பக்கம், சுவரோடு ஒட்டின கிளையில் ஒரு சிவப்புப் பந்து; தகப்பனுக்குத் தெரியாமல் ஆரணி கொழுவினது. அதற்குப் பக்கத்தில் மஞ்சளில் தோய்த்த துணியில் ஒரு முடிச்சு. உள்ளே ஒரு டொலர்க் காசுக் குத்தி என்று தொடாமலே தெரிந்தது.

"அக்கா, சிரியாதேங்கோ."

"நான் ஏனடி சிரிக்கிறன்?"

"இவர் எவ்வளவு வாசிக்கிற மனிசன். சும்மா சொல்லுவாரோ? எல்லாச் சாமியிட்டையும் கேட்டிட்டன். இதிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம் எண்டு."

முடிச்சைப் பார்த்தேன். மூன்று சுற்று, மூன்று முடிச்சு. அவள் தாய் பழக்கிய முறை. ஒரு மனிசன் ஒரு அம்மாவின் சொக்கிலேற்றுக்குப் பதில் சொல்ல மரம் வாங்கினான். அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு இவள் தம்பியை இழுக்கிறாள்.

பவானி சொல்லியிருக்க வேண்டும், அடுத்த நாள் மாலை பஸ்ஸில் இவரே முடிச்சுக் கதையை எடுத்தார். முகம் முழுக்கப் பெருமை. "பாத்தியளோ தங்கச்சி, நான் சொல்லிக் குடுக்கேல்லை. ரத்தத்துக்குத் தெரியுது வேர்." நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மச்சான் எங்கேயென்று தெரியாத நேரத்தில் இந்த மனிசனுக்கு வந்த கதை அது.

வருஷம் பிறந்தது. ரெலிபோன் அடிக்கவில்லை. மரம் காய்ந்து இலை கொட்டத் தொடங்கியது. காய்ந்த மரம் நெருப்புக்கு ஆபத்து, எல்லாரும் கீழே குப்பை லொறி எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று சூப்பர் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னான். றோட்டோரம் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன, ஒரு மாதம் தலையில் வைத்துக் கொண்டாடின மரங்கள்.

எதிர்வீட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். வேர் அண்ணை மரத்தின் அடியைப் பிடித்து இழுக்கிறார். பவானி மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் திருநீறு உதிருகிறது.

"விடடி. லொறி வரப்போகுது."

"குப்பையிலையோ? நேர்த்தி கிடக்கிற மரத்தைக் குப்பையிலையோ போடப்போறியள்?"

"எடியே, உது வெறும் மரம்."

"நீங்கள்தானே சாமியெண்டனீங்கள்?"

"நான் சொன்னது வரலாறடி!"

"எனக்கு வரலாறு தெரியாது. எனக்கு என்ர தம்பியைத்தான் தெரியும்."

இவர் என்னைக் கண்டார். "தங்கச்சி, நீங்கள் சமயம் தெரிஞ்ச ஆள். இவளுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ." என் வாழ்க்கையில் இவர் என்னைச் சமயம் தெரிந்தவள் என்று சொன்னது அந்த ஒரு தரந்தான். திரேசா அக்காவும் வாசலில் வந்து நின்றா.

"என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்?" என்றேன். "திருநீறு பூசினது ஆர்? நிறைகுடம் வைச்சது ஆர்? கூப்பிடத் தெரிஞ்ச ஆளுக்கு அனுப்பத் தெரியாதோ?"

"எங்கை அனுப்ப?"

"தண்ணியிலை விடவேணும். இது தெரியாதோ? உந்தப் புத்தகத்திலை போடேல்லையோ?"

"தங்கச்சி, வெளியிலை ஐஸ்."

"அதை மரத்தைக் கொண்டுவரேக்கை யோசிச்சிருக்க வேணும்" என்றா திரேசா அக்கா. "எங்கட பாலனைக்கூட நாங்கள் பஞ்சிலை சுத்திப் பெட்டியிலைதான் வைக்கிறம் அண்ணை. றோட்டிலை வீசுறேல்லை."

மூன்று பொம்பிளைகளுக்கு நடுவே அவருடைய விரல் எழும்பவில்லை. பவானியிடம் நான் சொன்னேன்: "முடிச்சை அவிழ்க்காதை. துணியோடை கழட்டித் தா. என்ர பிள்ளையாரின்ர காலடியிலை கிடக்கட்டும். மரம் போனாலும் கேட்டது போகாது." அவள் கழற்றி இரண்டு கையாலும் தந்தாள். எங்கள் வீட்டில் உடுப்பு அலுமாரி ஒன்றைத்தான் சாமி அறையாக வைத்திருந்தேன். அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், எலும்பு குத்துகிற குளிர். என் மனிசனின் வான் வண்டியில் மரத்தை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். இவர், பவானி, ஆரணி, நாங்கள் இரண்டு பேர். கரையோரம் ஐஸ் பாளம் பாளமாகக் கிடந்தது. அப்பால் கறுத்தத் தண்ணீர். செக்யூரிட்டித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்தல விருட்சத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் நடந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு தரம் வழுக்கினார். "பாத்து, பாத்து" என்று பவானி மரத்தைத்தான் சொன்னாள்.

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவன் நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மாதமாக எங்களுக்குச் சொன்ன அத்தனையையும் கேட்க ஒரு வெள்ளைக்காரன் தானாக வந்து நிற்கிறான். சூரியன், ரோமாபுரி, குருவிச்சை, எல்லாவற்றையும் அவிழ்த்து விடட்டும்.

வேர் அண்ணை மரத்தை இறக்கி வைத்தார். மூக்கைத் துடைத்தார்.

"கிறிஸ்மஸ் இஸ் ஓவர், சேர்" என்றார்.

கிழவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மரத்தைத் தண்ணீரில் விட்டால் அது போகவில்லை. திரும்பத் திரும்பக் கரைக்கு வந்தது. இவர் பொறுமை கெட்டுச் சப்பாத்துக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார்.

"காலாலையோ!" நான் போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது.

குனிந்து, முழங்கை வரைக்கும் சட்டை நனைய, இரண்டு கையாலும் தள்ளினார். மரம் மெல்ல அசைந்து போனது. ஆரணியின் சிவப்புப் பந்து கிளைக்குள்ளே இன்னும் கிடந்தது. அதை அப்போதுதான் கண்டார். அவளைத் திரும்பிப் பார்த்தார். வானுக்குள் ஏறின பிறகும் கை விறைத்தபடியே இருந்தது. பவானி தன் சால்வையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிவிட்டாள்.

அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பங்குனியில் ஈஸ்ரர் முட்டைக்கும் முயலுக்கும் வேர் சொன்னார். ஐப்பசியில் பிள்ளைகள் பேய் வேஷம் போடுகிற நாளில் வாசலில் வைக்கிற பூசணிக்காய்க்குச் சொன்னார். நான் பஸ்ஸில் நித்திரை மாதிரி நடிக்கப் பழகிக்கொண்டேன். பவானியின் தம்பி பற்றிய கதை ஒன்றும் வரவில்லை. அவள் இப்போது ரெலிபோனைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திரும்ப மார்கழி வந்தது. வேலை செய்கிற கட்டடத்து மண்டபத்தில் அந்த இரண்டு மாடி மரத்தை நிறுத்தினார்கள். அதற்குக் கீழே வெறும் பெட்டிகளை வர்ணத்தாளில் சுற்றி அடுக்குவார்கள். அந்தப் பெட்டிகளில் தூசு தட்டுவது என் வேலை. பின்பக்கம், சுவரோரம், ஆட்கள் பார்க்காத இடத்தில் குனிந்து தட்டிக்கொண்டு போனேன். தாழ்ந்த ஒரு கிளையில் மஞ்சளாக ஏதோ ஆடியது.

மஞ்சளில் தோய்த்த துணி இல்லை. மேசை துடைக்கிற மஞ்சள் துணி. என்னுடைய துப்புரவுச் சாமான் அலுமாரியில் இருந்து ஒரு துணியைக் களவெடுத்துக் கிழித்திருக்கிறார். கரை கோணல் மாணல். உள்ளே ஒரு டொலர் குத்தி. ஒரேயொரு முடிச்சு. அதுவும் சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரிப் பூ முடிச்சு. தொட்டால் கழன்று விழும். அத்தனை புத்தகம் வாசித்த மனிசனுக்கு நேர்த்திக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்தேன். செக்யூரிட்டி மேசையில் இவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். கழுத்து விறைத்து நின்றது. வெகு நேரமாக ஒரு தாளும் புரளவில்லை.

நான் கையைத் துடைத்தேன். நெற்றியில் இருந்த திருநீற்றில் விரலை ஒற்றி அந்தத் துணியில் தடவினேன். பிள்ளையாரே, இந்த மனிசன் குளித்தாரோ தெரியாது, நீ அதைப் பாராதே என்று சொன்னேன். அவருடைய பூ முடிச்சை அவிழ்த்துவிட்டு, மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டேன். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு முன்னாலேயே போனேன். அவர் நிமிரவில்லை. நானும் நிற்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் வேர் ஒன்றும் வரவில்லை. தைமாதம் மரம் கழற்ற ஆட்கள் வந்தபோது குனிந்து பார்த்தேன். முடிச்சு அங்கே இல்லை. குப்பையிலும் இல்லை, குப்பையைக் கட்டினது நான்தானே.

அடுத்த சித்திரையில் ஒரு ஞாயிறு காலை எதிர்வீட்டு ரெலிபோன் அடித்தது. பவானி கத்தின கத்தில் மாடியில் இருந்த அத்தனை கதவும் திறந்தன. தம்பி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டான். காட்டுப் பக்கம் காய்ச்சலோடு கிடந்து, இடம் மாறி இடம் மாறி, ஒருமாதிரி வந்துவிட்டான். பவானி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் சாமி அலுமாரியில் இருந்து அவளுடைய முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். திரேசா அக்கா முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டா. எல்லாரும் அழுது, சிரித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது வேர் அண்ணை சட்டைப் பைக்குள் கையை விட்டார். கராம்பு வாய்க்குள் போனது. இடக் கண் மூடியது.

"இப்ப எண்டாலும் ஒத்துக்கொள்ளுங்கோ. நான் அண்டைக்கே சொன்னனான். துணியிலை முடிஞ்சு மரத்திலை கட்டிக் கேட்டாக் குடுக்கும். உதின்ர வேர் எங்கை கிடக்கு தெரியுமோ?"

"ஓம் அண்ணை" என்றேன் நான். "முடிச்சை ஒழுங்காப் போட்டாக் குடுக்கும். பூ முடிச்சுப் போட்டாக் குடுக்காது."

கராம்பை விழுங்கிவிட்டார். திரேசா அக்கா முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தா. இருமி முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தார். அன்று முழுக்க ஒன்றுக்கும் வேர் சொல்லவில்லை.